சொர்ணசீலி டீச்சரின் வலைப்பூவில் விளம்பரம் வந்த விதம்

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருக்கிற ஞானஜோதி. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை, திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கிற ஊழியத்துக்குப் போகிற பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். "எக்கா, சொர்ணசீலி டீச்சர் போனுல எழுதுதாவள்லா, அதைப் பாத்துக்கிட்டே வெறுஞ்சோத்தை வாயில வச்சா டீச்சர் வீட்டுக் குழம்பு ருசி வருது" என்றாள். வனாந்தரத்தில் பசித்தவர்களுக்கு வானத்திலிருந்து மன்னா பெய்தது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான், இது மட்டும் எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "என்ன குழம்பு?" என்றுதான் கேட்டேன். "நேத்து புளிக்குழம்பு" என்றாள்.

சொர்ணசீலி டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. எங்கள் சுகிர்தபுரம் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் சேலை கட்டி நடமாடுகிற எல்லோரும் பிள்ளைகளுக்கு டீச்சர்தானே. தினமும் பதினொன்றரை மணிக்குச் சோறும் குழம்பும் இறங்கியதும், ஒரு பிள்ளை தட்டில் விழுவதற்கு முன்னால் டீச்சர் ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்து, பதிவேட்டில் தேதி, பிள்ளைகள் எண்ணிக்கை, என்ன உணவு, உப்பு எப்படி என்று எழுதி, கீழே 'ருசி பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் பதினொன்றரை ஆனால் அவர்கள் கை பேனாவைத் தேடியது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகன் செல்வின் அதைப் பார்த்துவிட்டு, பிளாக் என்கிறார்களே, பேப்பரில் வலைப்பூ என்று போடுவார்கள், அதில் ஒன்றைத் தொடங்கி 'இன்றைய உணவு' என்று பெயர் வைத்துப் போனில் எழுதப் பழக்கிக் கொடுத்தான். டீச்சர் கதையும் எழுதவில்லை, படமும் போடவில்லை. தேதி. உண்பவர் ஒருவர். சோறு, முருங்கைக்காய் சாம்பார். உப்பு சரி. ருசி பார்த்தேன். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.

ருசி வருவதை முதலில் கண்டுபிடித்தது ஷார்ஜாவில் பெயிண்ட் அடிக்கிற ஒரு ஆள். டீச்சர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். தயிர் தீர்ந்துபோய் வெறுஞ்சோற்றை வைத்துக்கொண்டு, ஊர் ஞாபகத்தில் பக்கத்தைத் திறந்திருக்கிறான். முதல் வாயிலேயே குழம்பு ருசிக்கவும், கையில் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி தின்று பார்த்திருக்கிறான். பிறகு அறையில் இருந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டிருக்கிறான்.

எங்கள் ஊர் ஒரு வாரம் தின்று பார்த்தது, மறுவாரம் ஒழுங்குகளை உண்டாக்கிக்கொண்டது. வெறுஞ்சோற்றுக்கு வரும், இட்லிக்கும் சப்பாத்திக்கும் வராது. கண்ணால் பார்த்தால்தான் வரும், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டால் வராது, காகிதத்தில் எடுத்து ஒட்டினாலும் வராது, அதனால் பெண்கள் விடுதியில் ஒரு டிவியை வாங்கிச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினார்கள். ஜெபம் முதலிலா, பக்கம் முதலிலா என்று சபையில் ஒரு கேள்வி எழும்பியது. ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகே போனைத் திறக்கலாம் என்று சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், ஞாயிறு அறிவிப்புகளில், சங்கக் காணிக்கைக்கும் கல்யாண ஓலைக்கும் நடுவில் வாசித்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில், நோன்பு நேரத்தில் சோறில்லாமல் சும்மா பார்த்தால் நோன்பு முறியுமா என்று கேட்டதற்கு, சோறில்லாவிட்டால் அது வெறும் எழுத்துதான் என்று ஹஜ்ரத் தீர்த்துவைத்தார். சைவக்காரரான ஒரு ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர், 'வெறுஞ்சோற்றில் கருவாடு மணந்தது, நான் புகார் சொல்லவில்லை, முன்கூட்டித் தெரிந்தால் நலம்' என்று எழுதிப் போட, டீச்சர் அன்றிலிருந்து சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்கு மண்நிறப் புள்ளியும் வைத்தார்கள். பஜாரில் ஊறுகாய் விற்பனை படுத்துவிட்டது. "டீச்சர் கொஞ்சம் உப்பைக் கொறச்சுப் போட்டா நாங்களும் பொழைப்போம்" என்று மளிகைக்கடை ஆசீர்வாதம் அண்ணாச்சி சொன்னார், ஆனால் அவரும் கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சீக்கிரமே விளங்கிவிட்டது. டீச்சர் ஆக்கித் தின்றது மட்டும்தான் எங்களுக்கு வரும். ஒருநாள் உடம்புக்கு முடியாமல், ஆக்காமலேயே 'கத்தரிக்காய் கூட்டு' என்று எழுதினார்கள். ஊரே அன்றைக்கு வெறுஞ்சோறு தின்றது. டீச்சருக்கு வருகிற பென்ஷனோ சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மகன் அனுப்புவதை மருமகளின் பிரசவத்துக்கு வைத்துக்கொள் என்று திருப்பிவிடுவார்கள். அதனால் மாதம் பிறந்தால் மீன், அடுத்த வாரம் காய், அதற்கடுத்து பருப்பு, கடைசிப் பத்து நாளும் ரசம்.

இந்த ரசம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. ஏனென்றால் ஆவுடையை நான் வெள்ளிதோறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவுடை, சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி, என் மூத்தமகள் வயசு இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஊசி போட்டுப் போட்டு நாக்கு செத்துவிட்டது, தேனும் மண்ணும் ஒன்றாக இருக்கிறது என்பாள். அவளுக்கு வாயில் தெரிந்த ஒரே ருசி சொர்ணசீலி டீச்சரின் பக்கம். அவள் புருஷன் பூல்பாண்டி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், மத்தியானம் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார், இவள் சாப்பிடுவாள். மீன் நாளில் தட்டு காலியாகும். ரச நாளில் நாலு வாயோடு நிறுத்திவிடுவாள். எடை முப்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே போனால் அடுத்த ஊசி போட முடியாது, போடாவிட்டால் இதுவரை போட்டதும் வீண் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அப்போது அவள் முப்பத்தெட்டரை.

நான் இதை டீச்சரிடம் போய்ச் சொன்னேன். வாசிக்கிறவர்களும் ரசம் ரசம் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புகிறோம், மீன் வாங்குங்கள் என்றார்கள். டீச்சர் ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார்கள். தட்டு ஏந்துகிற பிள்ளையிடம் காசு வாங்கி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் செல்வின் விளம்பரம் போடலாம் என்றான். புதன்கிழமை ஐக்கியக் கூட்டம் முடிந்து ஏழெட்டுப் பேர் டீச்சர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். போனை நடுவில் வைத்து அவன் சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"தட்டு ஏந்துதவங்ககிட்ட வாங்க மாட்டன்னு சொல்லுத. சரிம்மா. சோப்புக்காரன் தட்டு ஏந்தலல்லா, அவன் குடுக்கட்டும்."

"நான் வாயில வைக்காத ஒண்ணையும் பிள்ளைகளுக்குப் போட்டதில்லப்பா" என்றார்கள் டீச்சர்.

"விளம்பரத்தை எப்படிம்மா ருசி பாக்கது?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

ஞானஜோதிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், டிவியில ஜெபக்கூட்டம் பாக்கோம், நடுவுல சோப்பு விளம்பரம் வருது. ஜெபத்துலயா நுரை தள்ளுது? போடச் சொல்லுங்க டீச்சர். ரசம் குடிச்சுக் குடிச்சு எனக்கு மூக்கு வழியா மிளகு வருது."

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார்கள். மசாலாப்பொடி, நெய், முந்திரிப்பருப்பு இப்படித் தின்கிற சாமான் விளம்பரமாகப் பார்த்துப் போட்டால் குற்றமில்லை என்று நாங்களே ஒரு யோசனையும் சொன்னோம். யார் யார் போனில் எதைத் தேடினார்களோ அதுதான் அவரவர்க்கு வரும், நம் இஷ்டத்துக்கு வராது என்று செல்வின் சொல்லத்தான் செய்தான். தேடினது வரும் என்றால் நல்லதுதானே, நாங்கள் தினமும் முழங்காலில் நின்று கேட்பதும் அதைத்தானே என்று தலையாட்டிவிட்டோம். வெள்ளிக்கிழமை ஒருநாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

மாதக்கடைசி ரச நாள்தான், ஆனாலும் விளம்பரக் காசு வருமே என்று அந்த வெள்ளி டீச்சர் அவரைக்காய் குழம்பு ஆக்கி எழுதினார்கள். நடுவில் விளம்பரம் வந்தது. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் தேடாத விடுதி டிவி அதுவாக ஒன்றைக் காட்ட, அறுபது பிள்ளைகள் சோற்றில் ஸ்கூட்டர் டயர் கடித்தார்கள்; சபையின் பொருளாளருக்குத் தலைச்சாயம் வர, பக்கத்தில் உட்கார்ந்து அதே போனைப் பார்த்துத் தின்ற அவர் சம்சாரம் "அப்போ அது நரைக்காத முடின்னு சொன்னது?" என்று கேட்டார்கள், ஐயர் வாயில் சென்னைப் பக்கம் மனை இடத்து மண் நறநறத்தது, அவர் மாறுதலுக்கு எழுதிப் போட்டிருப்பது அப்படித்தான் சபைக்குத் தெரிந்தது, ஆசீர்வாதம் அண்ணாச்சிக்குப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கின அதே ஐஸ்கிரீம் பெட்டி, ஞானஜோதிக்கு நுரை. "வாயெல்லாம் நுரைக்கா, பேசினா குமிழி வருது" என்று பிறகு சொன்னாள்.

நான் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் ஆவுடையின் கட்டிலருகே ஸ்டூலில் இருந்தேன். என் டிபன் டப்பாவை இன்னும் திறக்கவில்லை. பூல்பாண்டி போனைப் பிடித்தார். ஆவுடை ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். வாயிலிருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"இரும்பு" என்றாள். "ஐஸு. ரோசாப்பூ மாலை."

பூல்பாண்டி போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், பார்த்தவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாருக்கு வே பெட்டி விசாரிச்சீரு?"

"எங்கம்மாவுக்குத்தாண்டி. ஊருல கேட்டாங்க..."

"உங்கம்மா போயி ஆறு வருசம் ஆச்சு. அவளுக்கு இனிமேயா குளிருது?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போய்ச் சேர்ந்தபோது, திடீரென்று என்றால் குளிர்பெட்டிக்கும் வண்டிக்கும் அலைய வேண்டியிருக்கிறது, விசாரித்து வைத்துக்கொள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மனுஷன் விசாரித்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான். அவர் பேரில் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆவுடை தட்டை மூடி என் கையில் கொடுத்து, "யம்மா, இனி அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டச் சொல்லாதிய" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். என் கையைப் பிடித்து ஜெபிக்கவும் அன்றைக்கு விடவில்லை.

சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் டீச்சர் செல்வினுக்குப் போன் போட்டார்கள். விளம்பரம் அந்த நிமிஷமே போய்விட்டது. "போட்டதையும் எடுத்தாச்சு, நாளைக்கு ரசம்தான்ம்மா எழுதப் போற" என்றான் அவன். டீச்சர் போனை வைத்தார்கள். அடுத்த வெள்ளிதான் ஆவுடைக்கு ஊசி. சனிக்கிழமையும் ஞாயிறும் அவள் கஞ்சித் தண்ணீருக்கு மேல் ஒன்றும் இறக்கவில்லை என்று பூல்பாண்டி எனக்குப் போனில் சொன்னார்.

ஞாயிறு கைப்பிடி அரிசி ஞாயிறு. எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு, ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் களைவதற்கு முந்தி அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே ஒரு டப்பாவில் போட்டுவருவோம், மாதக் கடைசி ஞாயிறு அதைக் கோவிலில் கொண்டுவந்து கொட்டுவோம். நானும் டீச்சரும் அன்றைக்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பிரிசில்லா, வேறு ஊர்ப் பிள்ளை, ஒரு டம்ளரை வாழையிலையால் மூடிக் கொண்டுவந்தாள். இலையை எடுத்தால் உள்ளே ஆவி பறக்கிற வெந்த சோறு ஒரு கைப்பிடி.

"மாசம் பூரா எடுக்க மறந்துட்டேன், அத்தை கேட்டா ஏசுவாவ, அதான் இன்னைக்கு வடிச்சதுல..." என்று கண் கலங்கிவிட்டாள்.

ஞானஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, வெந்ததுக்கு அப்புறம் எடுத்தா அது யாரோ ஒருத்தர் தட்டுல உள்ளதுல்லா? உலையில போடுததுக்கு முந்தி எடுத்தாத்தான் காணிக்கை. வெந்த சோறு தின்னுதவனுக்கு."

நான் அந்தப் பிள்ளையைத் தேற்றி, டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் சாக்கின் வாயை விட்டுவிட்டார்கள், அரிசி தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கோவில் வாசலிலேயே நின்று மகனுக்குப் போன் போட்டார்கள்.

"செல்வினு, விளம்பரம் போடலாம்ப்பா. வேகுததுக்கு முன்னால போடு."

"என்னம்மா சொல்லுத?"

"விடியக்காலம் நான் நேத்தைய குழம்பை எடுத்துருதேன். சந்தைக்குப் போயி என்ன மீன் வந்திருக்கு, என்ன காய் கெடக்குன்னு மட்டும் எழுதுதேன். அது பச்சை அரிசி. அந்த நேரம் உன் சோப்புக்காரன் வந்து நிக்கட்டும். பதினொன்றரைக்கு நான் ருசி பாக்க முந்தி அவன் எறங்கிரணும். ராத்திரி வரைக்கும் குழம்பு மட்டும்தான்."

"அது ஆள் வராத நேரம்மா. மத்தியானம் வருத கூட்டத்துல பத்துல ஒண்ணு வராது. ஒண்ணும் பெருசாக் கிடைக்காது."

"கைப்பிடின்னா கைப்பிடி அளவுதான் கிடைக்கும்" என்றார்கள் டீச்சர்.

அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு நம் விடியற்காலம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அவர்களை என்ன செய்வது என்று செல்வின் கேட்டான். அவர்களிடமே கேட்டோம். 'நாங்கள் பாத்திரத்தில் எடுத்து வைத்து மறுநாள் தின்று பழகியவர்கள், காத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது.

திங்கள் காலை டீச்சர் சந்தையில் சாளை மீன் வந்திருக்கிறது, மாங்காய் வந்திருக்கிறது என்று எழுதினார்கள். விளம்பரக் காசு கைக்கு வர நாளாகும்; அதை நம்பி, மாதக்கடைசியிலும் துணிந்து சாளை வாங்கினார்கள். பதினொன்றரைக்குப் பக்கம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சாளை மாங்காய்க் குழம்பு. உப்பு சரி. ருசி பார்த்தேன்.

நான் வெள்ளிவரை காத்திருக்கவில்லை, தனியாகவே பஸ் ஏறிவிட்டேன். ஆவுடை என்னைப் பார்த்ததும், "வேண்டாம்மா, காட்டாதிய" என்றாள்.

"உனக்குக் காட்டல. எனக்குப் பசிக்கு" என்று அவள் தட்டிலிருந்து ஒரு கை சோறு எடுத்து, என் போனைப் பார்த்துக்கொண்டு வாயில் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"என்ன வருது?"

"சாளை. மாங்காய் கொஞ்சம் கூடுதல் புளிப்பு. வேற ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்க."

இன்னொரு வாய் வைத்தேன். "தேங்காய் அரைச்சு விட்டிருக்காவ. வேற ஒண்ணும் இல்லளா."

"யம்மா, உங்க போனுல நீங்க என்னத்தத் தேடுவிய?"

"ஓசூருல எம்மகன் வீட்டுக்கு எந்த பஸ்ஸு போகுதுன்னு. அப்புறம் முட்டுவலித் தைலம்."

"அப்போ தைலம் மணக்கலியா?"

"மணந்தா இந்நேரம் முட்டு நேரா நின்னிருக்குமே."

அவள் சிரித்தாள். என் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்த வாயில்தான் முதல் கவளம் போனது. மெதுவாக மென்றாள், முள் இருக்கிற மாதிரி நாக்கால் ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள், விழுங்கினாள். தட்டு காலியானதும் விரலை நக்கிவிட்டு, வாசலில் நின்ற பூல்பாண்டியைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து நீரு முதல்ல தின்னு பாத்துட்டுத் தாரும்" என்றாள். அவர் செவ்வாயும் புதனும் வியாழனும் முதல் வாய் தின்று, "நல்லாத்தான் இருக்கு" என்று ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாராம். வெள்ளிக்கிழமை எடை மிஷினில் அவள் முப்பத்தெட்டு, கிராம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஊசி போட்டார்கள். இன்னும் நாலு பாக்கி இருக்கிறது.

செல்வின் சொன்னது சரிதான், காலையில் ஆள் குறைவு. வருகிற காசில் வாரம் இரண்டு நாள் மீன் முடிகிறது, மற்ற நாள் காய், ஒருநாள் ரசம் வரத்தான் செய்கிறது. ஆவுடை ரச நாளிலும் ஏழெட்டு வாய் தின்கிறாள்.

உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பதினொன்றரைக்கு முன்னால், பால் பொங்குகிற நேரம் மட்டும், டீச்சர் பக்கத்தைத் திறந்து சந்தையில் என்ன மீன் வந்திருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தை அழுத்தச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாதாம், கம்பெனி விதி, அதனால் நான் கேட்கவில்லை. திறந்து பாருங்கள், போதும். கையில் சோற்றுத் தட்டு மட்டும் வேண்டாம்.